கத்தரிபடாத பக்கங்கள்: அமெரிக்கப் பழைய டீன் நகைச்சுவை, காதல் காமிக்ஸ்களைச் சேகரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1940களிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை அமெரிக்கச் சிற்றூர்களின் மருந்துக்கடைகளில் சுழலும் கம்பித் தட்டு ஒன்று நிற்கும். அதில் சூப்பர் ஹீரோக்களுக்கும் கௌபாய்களுக்கும் பக்கத்தில், பள்ளிக்கூட வராந்தாவில் தடுமாறி விழும் பையன்களும், கண்ணில் நீர் கோத்து நிற்கும் இளம்பெண்களும் அட்டைப்படமாக இருந்த இதழ்கள் செருகப்பட்டிருந்தன. சில்லறைக் காசு கொடுத்து அவற்றை வாங்கியவர்களில் பெரும்பாலோர் பள்ளி, கல்லூரி வயதுப் பெண்கள். வாங்கிய இதழைப் படித்தார்கள், தோழிக்குக் கொடுத்தார்கள், அதிலிருந்த காகிதப் பொம்மையைக் கத்தரித்தார்கள், போட்டிக் கூப்பனைக் கிழித்து அனுப்பினார்கள். பத்திரப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பல லட்சம் படிகள் அச்சான இதழ்கள்கூட இன்று முழுமையாகக் கிடைப்பது அரிதாக இருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம். இந்தத் துறையில் சேகரிப்பாளரின் வேலை, பளபளப்பான படியைத் தேடுவதற்கு முன்பாக, ஒரு பக்கமும் குறையாத படியைத் தேடுவதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே உள்ள எட்டு வழிமுறைகளும் அந்த நம்பிக்கையிலிருந்தே எழுதப்பட்டவை.

முதல் படி: களத்தைத் தெரிந்துகொண்டு, அதில் ஒரு மூலையைத் தேர்ந்துகொள்ளுங்கள்

டீன் நகைச்சுவையும் (பதின்வயதினரைப் பற்றிய வேடிக்கைக் கதைகள்) காதல் காமிக்ஸும் ஒரே கடைத்தட்டில் இருந்தாலும், ஒரே வேரிலிருந்து வந்தவை அல்ல. டீன் நகைச்சுவை வானொலியிலிருந்தும் திரைப்படத்திலிருந்தும் வந்தது. ஆல்ட்ரிச் குடும்பத்தைப் பற்றிய வானொலித் தொடரும், ஆண்டி ஹார்டி படங்களும் 1930களின் இறுதியில் அமெரிக்க வீடுகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், எம்எல்ஜே என்ற சிறிய பதிப்பகம் தன் சூப்பர் ஹீரோ இதழ்களின் பின்பக்கங்களில் பள்ளிப் பையன்களை நுழைத்துப் பார்த்தது. 1941 செப்டம்பர் தேதியிட்ட ஜிப் காமிக்ஸ் 18ஆம் இதழில் வில்பர் என்ற பையன் வந்தான். மூன்று மாதம் கழித்து, டிசம்பர் தேதியிட்ட பெப் காமிக்ஸ் 22ஆம் இதழில் பாப் மொன்டானா வரைந்த ஆர்ச்சி ஆண்ட்ரூஸ் வந்தான். முதல் கதையில் அவன் தன்னைச் ‘சிக்’ என்று கூப்பிடச் சொல்லி அடம்பிடிக்கிறான். அவனுடைய தோழி பெட்டியும் நண்பன் ஜக்ஹெட்டும் அந்தக் கதையிலேயே இருக்கிறார்கள். பணக்காரப் பெண் வெரோனிகா 1942 ஏப்ரலில், 26ஆம் இதழில்தான் ஊருக்குள் வருகிறாள். 22ஆம் இதழின் அட்டையில் ஆர்ச்சிக்கு இடமே இல்லை. அங்கே சூப்பர் ஹீரோக்கள்தாம் நிற்கிறார்கள். ஆனாலும் 1946க்குள் பதிப்பகமே தன் பெயரை ஆர்ச்சி என்று மாற்றிக்கொண்டது.

மற்ற பதிப்பகங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பிற்காலத்தில் மார்வெல் ஆன நிறுவனம் 1944இல் மிஸ் அமெரிக்கா இதழில் பாட்ஸி வாக்கரையும், 1945இல் மில்லி த மாடலையும் கொண்டுவந்தது. மில்லி 1973 டிசம்பர் வரை 207 இதழ்கள் ஓடினாள். அந்த நிறுவனத்தின் எத்தனையோ சூப்பர் ஹீரோக்கள் இடையில் படுத்து எழுந்த காலம் அது. டிசி நிறுவனம் வானொலித் தொடர் ஒன்றைத் தழுவி ‘எ டேட் வித் ஜூடி’யை 1947இல் தொடங்கி 1960 வரை நடத்தியது. டெல் நிறுவனம் 1961இல் ஜான் ஸ்டான்லியின் ‘தர்ட்டீன் கோயிங் ஆன் எய்ட்டீன்’ இதழைத் தந்தது. என் கணிப்பில் இந்தக் களத்திலேயே மிக நுட்பமாக எழுதப்பட்ட தொடர் அதுதான்; இரண்டு தோழிகளின் பொறாமையும் பாசமும் ஒரே வாக்கியத்தில் மாறிமாறி வருவதை வேறு எந்த இதழிலும் நான் இவ்வளவு உண்மையாகப் பார்த்ததில்லை.

காதல் காமிக்ஸின் பிறப்பு இதைவிடத் தெளிவானது. ஜோ சைமனும் ஜாக் கிர்பியும், உண்மைக்கதை இதழ்களில் பெண்கள் விரும்பிப் படித்த ஒப்புதல் வாக்குமூல நடையைக் காமிக்ஸுக்குக் கொண்டுவந்து, 1947 செப்டம்பர்–அக்டோபர் தேதியிட்ட ‘யங் ரொமான்ஸ்’ முதல் இதழை பிரைஸ் நிறுவனத்துக்காக உருவாக்கினார்கள். முன்பணம் வாங்காமல் லாபத்தில் பாதியைக் கேட்டுப் பெற்றார்கள் என்பது அந்தக் காலத்துப் படைப்பாளிகளுக்கு அபூர்வமான ஏற்பாடு. இதழ் விற்றுத் தீர்ந்ததும் மற்றவர்கள் ஓடிவந்தார்கள். 1949, 1950 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட காதல் தலைப்புகள் கடைத்தட்டை நிறைத்தன. தாங்க முடியாத நெரிசலில் பல தலைப்புகள் சில இதழ்களோடு நின்றுபோயின. சேகரிப்பாளருக்கு அந்த இரண்டு ஆண்டுகள் தோண்டத் தோண்ட வரும் சுரங்கம்.

இந்த நெரிசலில் தனித்து நிற்பவர் மாட் பேக்கர். 1921இல் பிறந்து 1959இல் மறைந்த இந்தக் கறுப்பின ஓவியர், செயின்ட் ஜான் பதிப்பகத்துக்காக ‘டீன்-ஏஜ் ரொமான்ஸஸ்’, ‘பிக்டோரியல் ரொமான்ஸஸ்’ போன்றவற்றில் வரைந்த பெண்கள், அழுவதற்காக மட்டும் படைக்கப்பட்டவர்கள் அல்லர். முடிவெடுப்பவர்கள், தவறு செய்பவர்கள், அந்தத் தவறோடு வீடு திரும்பி வாழ்பவர்கள். அவர் அட்டை வரைந்த இதழ்களின் விலை கடந்த சில ஆண்டுகளில் வெகுவாக ஏறிவிட்டது. அதேபோல் 1950இல் ஃபாசெட் வெளியிட்ட ‘நீக்ரோ ரொமான்ஸ்’ மூன்றே இதழ்கள் வந்தன. கறுப்பினக் காதலர்களை மையமாக வைத்து ஆல்வின் ஹாலிங்ஸ்வொர்த் வரைந்த அந்த இதழ்கள் கண்ணில் படுவதே அரிது.

பிறகு 1954. அமெரிக்கச் செனட் விசாரணையும், காமிக்ஸ்கள் சிறுவர்களைக் கெடுக்கின்றன என்ற மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாமின் குற்றச்சாட்டும் சேர்ந்து பதிப்பாளர்களைத் தாமே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை ஏற்கச் செய்தன. காதல் கதைகள் வீட்டின் மேன்மையையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும் என்று அந்த விதித்தொகுப்பு சொன்னது. 1955 தேதியிட்ட இதழ்களிலிருந்து அட்டையின் மேல்மூலையில் அஞ்சல் தலை போன்ற சிறு முத்திரை தோன்றுவதை நீங்களே காணலாம். அந்த முத்திரைக்கு முந்தைய காதல் கதைகளுக்கும் பிந்தையவற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒரு பக்கம் படித்தாலே தெரியும்: முந்தையவற்றில் பெண்ணுக்கு ஆசை இருக்கிறது, பிந்தையவற்றில் பெரும்பாலும் காத்திருப்பு மட்டுமே இருக்கிறது. டெல் நிறுவனம் இந்த முத்திரையை ஏற்கவே இல்லை என்பதால், அதன் இதழில் முத்திரை இல்லாததைக் கண்டு குழம்ப வேண்டாம்.

இவ்வளவு பெரிய களத்தை யாராலும் முழுவதும் சேகரிக்க முடியாது. ஒரு தலைப்பையோ, ஓர் ஓவியரையோ, ஒரு பதிப்பகத்தையோ, அல்லது ஒரே ஒரு ஆண்டையோ தேர்ந்துகொள்ளுங்கள். கையில் காசு குறைவென்றால் சார்ல்டன் நிறுவனத்தின் 1960கள், 70களின் காதல் இதழ்களிலிருந்து தொடங்கலாம். கனெக்டிகட் மாநிலத்தின் டெர்பி ஊரில் சொந்த அச்சகம் வைத்திருந்த அந்த நிறுவனம் மட்டமாக அச்சடித்தது உண்மைதான். ஆனால் அந்த இதழ்கள் இன்னும் எளிய விலையில் கிடைக்கின்றன, அவற்றுக்குள் நல்ல ஓவியர்களும் ஒளிந்திருக்கிறார்கள். புகழ்பெற்ற முதல் தோற்றங்களைத் துரத்துவதைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது. 1962 அக்டோபரின் ‘ஆர்ச்சிஸ் மேட்ஹவுஸ்’ 22ஆம் இதழில் சப்ரினா என்ற இளம் சூனியக்காரி முதன்முறையாக வருகிறாள் என்பதாலும், பாட்ஸி வாக்கர் பின்னாளில் ஹெல்கேட் என்ற சூப்பர் ஹீரோவானாள் என்பதாலும், அந்த இதழ்களைத் தேடி வேறு களத்துச் சேகரிப்பாளர்களும் வருகிறார்கள். அவர்களோடு ஏலத்தில் மோதுவது புதியவருக்கு வேண்டாத சிரமம்.

இரண்டாம் படி: வாங்குவதற்கு முன் படியுங்கள்

செயின்ட் ஜான், ஃபாக்ஸ், ஃபாசெட், குவாலிட்டி, ஏவான் போன்ற, காமிக்ஸ் வெளியிடுவதை நிறுத்திவிட்ட பதிப்பகங்களின் இதழ்களில் பெரும்பகுதிக்குப் பதிப்புரிமை புதுப்பிக்கப்படவில்லை. அவற்றை டிஜிட்டல் காமிக் மியூசியம் போன்ற தளங்களில் பக்கம் பக்கமாக, இலவசமாகப் படிக்கலாம். ஆர்ச்சி, டிசி, மார்வெல் இதழ்கள் அங்கே இருக்காது. அவற்றுக்குத் தொகுப்பு நூல்களை நாட வேண்டும். ஒரு மாதம் இதற்கென்றே ஒதுக்கி, நாளுக்கு ஓர் இதழ் வீதம் படித்துப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்தது எது என்பது அதற்குள் தெரிந்துவிடும். விலைப்பட்டியல் பார்த்து வாங்கியவர்கள் பெட்டி நிறைய இதழ் வைத்துக்கொண்டு ஒன்றைக்கூடத் திறக்காமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தப் படிப்பில் மற்றொரு பயனும் உண்டு. முழுமையான ஓர் இதழில் என்னென்ன இருந்தன என்ற பழக்கம் கண்ணுக்கு வந்துவிடும். கதைகளுக்கு நடுவே எழுத்து மட்டுமே உள்ள இரண்டு பக்கங்கள் வரும். சலுகை அஞ்சல் கட்டணம் பெறுவதற்காக வைக்கப்பட்டவை அவை. காதல் இதழ்களில் வாசகர் கடிதங்களுக்கு ஆலோசனை சொல்லும் பகுதி இருக்கும். 1960க்குப் பிறகு, ஆண்டுக்கு ஒருமுறை உரிமையாளர் அறிக்கை அச்சாகும். அதில் சராசரி விற்பனை எண்ணிக்கையே கொடுக்கப்பட்டிருக்கும். 1969ஆம் ஆண்டுக்கு ஆர்ச்சி இதழ் சொன்ன எண்ணிக்கை சராசரியாக 5 லட்சத்துக்கும் மேல். அந்தச் சிறிய எழுத்துக் கட்டத்தைத் தேடிப் படிப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் வேலை.

மூன்றாம் படி: எண்ணையும் பதிப்பு விவரத்தையும் நம்புங்கள், அட்டையை நம்ப வேண்டாம்

முதல் பக்கத்தின் அடியிலோ அட்டையின் உட்புறத்திலோ பொடி எழுத்தில் பதிப்பு விவரம் இருக்கும். தலைப்பின் சரியான பெயர், இதழ் எண், மாதம், பதிப்பாளர் ஆகியவை அங்கேதான் உண்மையாக இருக்கும். அட்டையில் உள்ள மாதம், இதழ் கடைக்கு வந்த மாதம் அல்ல; பொதுவாக இரண்டு மூன்று மாதம் முன்கூட்டியே இதழ் கடைக்கு வந்துவிடும்.

காதல் காமிக்ஸில் எண்கள் புதியவரை நன்றாகவே குழப்பும். ஒரு தலைப்பை நிறுத்திப் புதிதாக ஒன்று தொடங்கும்போது, புதிய அஞ்சல் அனுமதிக்கான கட்டணத்தைத் தவிர்க்கப் பதிப்பாளர்கள் பழைய எண்ணையே தொடர்ந்தார்கள். ஃபாசெட்டின் ‘ஸ்வீட்ஹார்ட்ஸ்’ 1948இல் 68ஆம் எண்ணோடு பிறக்கிறது. அதற்கு முந்தைய 67 இதழ்களும் கேப்டன் மிட்நைட் என்ற விமானவீரனின் சாகசங்கள். ‘ஸ்வீட்ஹார்ட்ஸ்’ முதல் இதழைத் தேடி அலைபவர் இல்லாத ஒன்றைத் தேடுகிறார். பதிப்பகம் கைமாறும்போதும் இதே நிலைதான். குவாலிட்டி நிறுவனத்தின் ‘ஹார்ட் த்ரோப்ஸ்’ 1957இல் டிசியிடம் 47ஆம் எண்ணோடு போய்ச் சேர்ந்தது. ‘யங் ரொமான்ஸ்’ 1963இல் 125ஆம் எண்ணோடு அதே டிசியிடம் போய், 1975இல் 208ஆம் எண்ணோடு முடிந்தது. ஃபாசெட்டின் காதல் தலைப்புகள் சில சார்ல்டனுக்குப் போயின. தலைப்பு ஒன்றாக இருந்தாலும், கைமாறுவதற்கு முன்பும் பின்பும் உள்ள இதழ்கள் தாளிலும் ஓவியத்திலும் மனப்போக்கிலும் வெவ்வேறானவை.

கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் என்ற திறந்த தரவுத்தளம் இதற்கு நல்ல துணை. ஒவ்வோர் இதழின் அட்டைப்படம், உள்ளடக்கம், பக்க எண்ணிக்கை, தெரிந்தவரை ஓவியர் பெயர் ஆகியவை அங்கே உண்டு. பழைய கதைகளைப் புதிய அட்டைக்குள் மறுபடியும் அச்சிட்ட இதழ்களை அங்கே சரிபார்க்கலாம். 1950களின் இறுதியில் ஐ.டபிள்யூ. என்ற அடையாளத்தோடு வந்த இதழ்கள் அப்படிப்பட்ட மறுபதிப்புகள். அவை மோசமானவை என்று சொல்ல மாட்டேன். முதல் பதிப்பின் விலை கொடுத்து அவற்றை வாங்கக் கூடாது, அவ்வளவே. நம் ஊர் வாடகை நூலகங்களிலும் ரயில் நிலையக் கடைகளிலும் பலருக்கு ஆர்ச்சியை அறிமுகம் செய்துவைத்த சிறிய டைஜஸ்ட் புத்தகங்களும் பெரும்பாலும் பழைய கதைகளின் மறுதொகுப்புகளே. ஆர்ச்சி டைஜஸ்ட் வரிசை 1973இல்தான் தொடங்கியது.

நான்காம் படி: பக்கங்களை எண்ணுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்ற நேரம் இருந்தால், இதைப் பின்பற்றுங்கள்.

காமிக்ஸ் இதழ் என்பது மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்து முதுகில் இரண்டு பின் அடித்தது. ஒவ்வொரு தாளும் மடிந்து நான்கு பக்கமாகிறது. அட்டையையும் சேர்த்து 36 பக்கம் என்று சொல்லப்படும் இதழில், உள்ளே 8 தாள்களில் 32 பக்கம் இருக்க வேண்டும்; 52 பக்க இதழில் உள்ளே 12 தாள்களில் 48 பக்கம் இருக்க வேண்டும். இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது, நடுத்தாள் கழன்று விழுந்தால் ஒரே அடியில் நான்கு பக்கம் காணாமல் போகும், ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் இதழ் முழுமையாகவே தெரியும். இரண்டாவது, முன்பாதியில் ஒரு பக்கத்தை யாராவது முதுகோடு கிழித்திருந்தால், பின்பாதியில் அதன் ஜோடிப் பக்கம் பிடிமானம் இழந்து தளர்ந்து தொங்கும். தளர்ந்த பக்கத்தைக் கண்டால் அதன் ஜோடியைத் தேடுங்கள்.

தொடக்க காலத்தில், 1951ஆம் ஆண்டின் காதல் இதழ் ஒன்றை முழுமையானது என்ற விவரிப்பை நம்பி வாங்கினேன். அட்டை அழகாக இருந்தது, முதுகு உறுதியாக இருந்தது. இரவு படிக்க உட்கார்ந்தபோது, செவிலிப்பெண் ஒருத்தி மருத்துவமனைப் படிக்கட்டில் திரும்பிப் பார்க்கிறாள். அடுத்த பக்கத்தில் வேறொரு பெண்ணின் திருமணம் நடந்துகொண்டிருக்கிறது. நடுத்தாள் இல்லை. விற்றவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை; அவர் எண்ணியிருக்க மாட்டார். அன்றிலிருந்து வாங்கும் முன் ஒரே கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்கிறேன்: உள்ளே எத்தனை பக்கம் இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல முடியுமா, நடுத்தாள் இரண்டு பின்களிலும் பிடித்திருக்கிறதா?

டீன் நகைச்சுவை இதழ்களில் எண்ணினால் மட்டும் போதாது, ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். பில் வாகன் உருவாக்கிய கேட்டி கீன் இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. 1945இல் வில்பர் காமிக்ஸ் 5ஆம் இதழில் தோன்றிய கேட்டி ஒரு திரைநடிகை. அவள் அணியும் உடைகளை வாசகிகளே வரைந்து அனுப்புவார்கள், தேர்வானால் அந்த உடைக்குப் பக்கத்தில் அனுப்பியவரின் பெயரும் ஊரும் அச்சாகும். கூடவே, கத்தரித்து விளையாடக் காகிதப் பொம்மையும் அதற்கான கவுன்களும் இருக்கும். கத்தரிக்கச் சொல்லி அச்சிட்ட பக்கத்தைச் சிறுமிகள் கத்தரித்தார்கள். மில்லி, பாட்ஸி இதழ்களிலும் இதே வழக்கம் உண்டு.

என்னிடம் உள்ள ஒரு கேட்டி கீன் இதழில் மாலை நேர கவுன் ஒன்று மிக நேர்த்தியாக வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. தோள்பட்டையில் மடித்து மாட்டுவதற்கான சிறு பட்டைகளைக்கூட விட்டுவைக்காமல், கத்தரி நுனி வளைவுகளைச் சுற்றிப் போயிருக்கிறது. மறுபக்கத்தில் இருந்த கதையின் இரண்டு கட்டங்களும் அதோடு சேர்ந்து போய்விட்டன. கவுன் வடிவத்தில் உள்ள அந்த ஓட்டை வழியே அடுத்த பக்கத்தின் வசனம் தெரிகிறது. பின்னட்டையின் உட்புற ஓரத்தில் பென்சிலால் வேறொரு உடை வரையப்பட்டிருக்கிறது, இடுப்பில் பெரிய முடிச்சு, கழுத்தில் மூன்று பொத்தான்கள். விலைப்பட்டியலின்படி இந்தப் படிக்கு மதிப்பு ஏதுமில்லை. நான் முழுமையான படி ஒன்றையும் பிறகு தேடி வாங்கினேன், இதையும் வைத்திருக்கிறேன். முழுமையான படி அந்த இதழ் எப்படி அச்சானது என்பதைச் சொல்கிறது. இந்தப் படி அது எதற்காக அச்சானது என்பதைச் சொல்கிறது.

பக்கங்களுக்குப் பிறகு மற்றவற்றைப் பாருங்கள். கூப்பன் வெட்டப்பட்டிருக்கிறதா, விற்காத இதழைத் திருப்பியனுப்பும்போது முகவர்கள் வெட்டியெடுக்கும் அட்டையின் மேல்பகுதி இருக்கிறதா, பின்களில் துரு ஏறியிருக்கிறதா, துரு தாளுக்குப் பரவியிருக்கிறதா என்று வரிசையாகக் கவனியுங்கள். தாளின் நிறம் வெள்ளையிலிருந்து பழுப்பு வரை எப்படியிருந்தாலும் படிக்கலாம். ஆனால் மூலையைத் தொட்டால் அப்பளம்போல் நொறுங்குகிறது என்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது, அந்தத் தாளுக்கு மீட்சி இல்லை.

ரகசியமாகச் செய்யப்பட்ட சீரமைப்பையும் கண்டுபிடிக்கப் பழகிக்கொள்ளுங்கள். முதுகின் வெளுத்த கோடுகளில் கறுப்புப் பேனாவால் தீட்டியிருந்தால், அட்டையைத் திறந்து உட்புறம் பார்த்தால் மை ஊறியிருப்பது தெரியும். ஓரங்களை நறுக்கி நேராக்கியிருந்தால் அளவுகோல் காட்டிக்கொடுக்கும்: 1940களின் இதழ்கள் ஏறத்தாழ 7¾ அங்குல அகலம் கொண்டவை, 1960களில் அது 7 அங்குலத்தை ஒட்டிச் சுருங்கியது. அதே ஆண்டின் மற்றோர் இதழோடு வைத்துப் பார்ப்பதே மிகச் சுலபமான சோதனை. புறஊதா விளக்கு ஒன்றை வைத்திருந்தால் பசையும் புதிய வண்ணமும் தனியாக ஒளிரும்.

ஐந்தாம் படி: தரப்புள்ளியைப் புரிந்துகொண்டு, அதற்கு அடிமையாகாமல் இருங்கள்

அமெரிக்கச் சந்தை 0.5 முதல் 10 வரையான புள்ளிகளில் பேசுகிறது. 2.0 என்றால் குட், 4.0 வெரி குட், 6.0 ஃபைன், 8.0 வெரி ஃபைன், 9.4 நியர் மின்ட். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். குட் என்பது நன்கு உழைத்துத் தேய்ந்த படி என்றே பொருள். 1970இலிருந்து வரும் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு பொதுவான அளவுகோல். ஆனால் காதல் இதழ்களுக்கு உண்மையான ஏல முடிவுகள் கையேட்டைவிடச் சரியான செய்தியைச் சொல்கின்றன. சிஜிசி போன்ற நிறுவனங்கள் இதழைத் தரம் பார்த்து, பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிட்டுத் தருகின்றன. ஊதா நிறச் சீட்டு இருந்தால் சீரமைப்பு நடந்திருக்கிறது என்று பொருள். விலை மிக அதிகமான இதழுக்கு அந்த உறை ஒரு பாதுகாப்பு. மற்றவற்றுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் உறைக்குள் போன இதழைப் படிக்க முடியாது. இந்தக் களத்தில் 2.0 முதல் 4.0 வரை உள்ள, ஒரு பக்கமும் குறையாத படிகளே என் விருப்பம்.

ஆறாம் படி: வாங்குதல், வரவழைத்தல்

இந்த இதழ்கள் இருப்பது அமெரிக்காவில். ஈபே, ஹெரிடேஜ் போன்ற ஏலத்தளங்கள், பழைய இதழ் விற்கும் கடைகளின் இணையப் பக்கங்கள் ஆகியவையே நமக்கு வழி. தனி இதழாக வாங்கினால் அனுப்பும் செலவு இதழின் விலையை விழுங்கிவிடும். ஒரே விற்பனையாளரிடம் ஐந்தாறு இதழ்களாகச் சேர்த்து வாங்குவதும், அங்கே உறவினரோ நண்பரோ இருந்தால் அவர் வீட்டில் சேர்த்துவைத்து மொத்தமாகக் கொண்டுவரச் செய்வதும் சிக்கனம். நேராக வரவழைப்பவர்கள் சுங்கவரி எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டியே விசாரித்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே, அட்டைகளுக்குள் ஓடும் நெளிவு வரிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும்படி வைத்துக் கட்டச் சொல்லுங்கள். நாடா இதழில் நேரடியாக ஒட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஏலத்தில் ‘லாட்’ என்று கூட்டாக வரும் காதல் இதழ்களை விடாமல் பாருங்கள். சூப்பர் ஹீரோ இதழ்களைத் தனித்தனியாக விற்பவர்கள்கூடக் காதல் இதழ்களை மொத்தமாகக் கட்டிவிடுகிறார்கள். 1960களின் டிசி இதழ்கள் பல எனக்கு அப்படித்தான் கிடைத்தன. அந்தக் காலத்து டிசி காதல் இதழ் ஒன்றைத் தள்ளிவிடும் முன் யோசியுங்கள்: 1962 நவம்பரின் ‘சீக்ரெட் ஹார்ட்ஸ்’ 83ஆம் இதழில் டோனி அப்ருஸோ வரைந்த ஒரு கட்டத்தைப் பார்த்துத்தான் பாப் கலை ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் 1963இல் நீரில் மூழ்கும் பெண்ணின் ஓவியத்தை வரைந்தார். அருங்காட்சியகத்தில் தொங்குவது அந்த ஓவியம். அப்ருஸோவின் கட்டமோ பெயர் போடாமல் அச்சானது.

ஏழாம் படி: நம் ஊர் வெக்கையில் காப்பாற்றுதல்

இந்த இதழ்கள் அச்சான நாளிதழ்த் தாளில் மரக்கூழில் இயல்பாக உள்ள லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கிறது. ஒளியும் வெப்பமும் பட்டால் அது பழுக்கும், அமிலம் ஏறும், தாள் நொறுங்கும். அமெரிக்க நூல்கள் சொல்லும் பாதுகாப்பு முறைகள் அங்குள்ள உலர்ந்த குளிருக்கு எழுதப்பட்டவை. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கொழும்பிலோ கடற்காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

விலையுயர்ந்த இதழ்களுக்கு மைலார் என்ற பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறையும், மற்றவற்றுக்கு பாலிப்ரொப்பிலீன் உறையும் போதும். உறைக்குள் முதுகுத்துணையாக வைக்கும் அட்டை அமிலம் நீக்கியதாக இருக்க வேண்டும். சட்டைப் பெட்டியிலிருந்து வெட்டிய அட்டையை வைத்தால் நாளடைவில் அதன் பழுப்பு இதழுக்கு இறங்கும். 1940கள், 50களின் இதழ்களுக்கு அகலமான உறை வாங்குங்கள், இக்கால அளவு உறைக்குள் அவற்றைத் திணித்தால் ஓரம் மடங்கும். பெட்டியில் நிற்கவைத்தே அடுக்குங்கள், இதழ்கள் சாயாத அளவு நெருக்கமாகவும், எடுக்கும்போது உரசாத அளவு தளர்வாகவும்.

பரணில் வைக்கவே கூடாது, மொட்டைமாடியின் வெப்பம் முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. மழை ஊறும் வெளிச்சுவரை ஒட்டிய பீரோவும் வேண்டாம். வீட்டின் உட்புற அறையில், தரையிலிருந்து ஓரடியாவது உயர்த்தி, உறைக்கு வெளியே பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடுவது நம் வீட்டு வழக்கம். அதன் வாடை தாளில் ஏறினால் இறங்காது, பிளாஸ்டிக் உறையையும் அது கெடுக்கும். பெட்டியை அடிக்கடி திறந்து புரட்டிப் பார்ப்பதைவிடச் சிறந்த பூச்சித் தடுப்பு இல்லை, அதற்கு மேல் படிப்பதற்கு அது ஒரு காரணமும் ஆகிறது.

எட்டாம் படி: பெயர் போடாதவர்களின் பெயரை எழுதிவையுங்கள்

ஒவ்வோர் இதழுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்: தலைப்பு, எண், மாதம், பதிப்பாளர், எண்ணிய பக்கம், குறைகள், விலை, வாங்கிய நாள். அதற்குப் பிறகு, யார் வரைந்தார் என்ற வரியை நிரப்ப முயலுங்கள். அந்தக் காலத்து ஆர்ச்சி இதழ்களில் பெரும்பாலும் ஓவியர் பெயர் அச்சாகவில்லை. கண் பழகப் பழகக் கைகள் பிடிபடும். ஹேரி லூஸி வரைந்த உருவங்கள் வசனமே இல்லாவிட்டாலும் தோளையும் முழங்காலையும் வைத்தே கோபத்தைச் சொல்லிவிடும். சாம் ஷ்வார்ட்ஸின் ஜக்ஹெட் கதைகளில், முன்னால் நடப்பதோடு சேர்த்துப் பின்னணியில் வேறொரு சிறு வேடிக்கை தனியாக ஓடிக்கொண்டிருக்கும். டேன் டிகார்லோ பத்து ஆண்டுகள் மில்லியை வரைந்துவிட்டு ஆர்ச்சிக்கு வந்தவர். 1960களுக்குப் பிறகு பெட்டியும் வெரோனிகாவும் எல்லோர் கையிலும் அவர் வரைந்த முகத்தோடுதான் வருகிறார்கள். 1963இல் தனி இதழ் பெற்ற ஜோஸிக்கு அவர் தன் மனைவியின் பெயரையே வைத்தார்.

சீட்டின் கடைசி வரியை நான் மற்றொரு பெயருக்காக ஒதுக்கியிருக்கிறேன். அட்டையின் மேல்ஓரத்திலோ முதல் பக்கத்திலோ முதலில் வாங்கியவர் தன் பெயரை எழுதியிருந்தால், விலைப்பட்டியல் அதைக் குறை என்று கணக்கிட்டு மதிப்பைக் குறைக்கும். அதை ரப்பர் வைத்து அழிக்கவோ, சுத்தம் செய்யக் கொடுக்கவோ வேண்டாம். ஊதா மையில், சற்றே சாய்வாக, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு சுழியோடு எழுதப்பட்ட பெயர் என் பெட்டியில் ஐந்து இதழ்களில் இருக்கிறது. ஐந்தும் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு விற்பனையாளர்களிடம் வாங்கியவை. கையெழுத்து ஒன்றே. ஆறாவதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.